நிலத் தாவாவில் கெடு தாண்டிவிட்டால் எந்த வழியில் போவது?

நிலத் தாவாவில் எதிராகத் தீர்ப்பாகி, கெடுவும் தாண்டிய பிறகு வக்கீலைத் தேடி வருபவர் முதலில் மேசையில் எடுத்து வைப்பது தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம். அதன் மேல் பட்டா, சிட்டா, அடங்கல். “நிலம் எங்களுதுதான் சார், இதுக்கு மேல என்ன வேணும்?” என்பார். வக்கீல் அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு, “தீர்ப்பான விஷயம் உங்களுக்கு என்றைக்குத் தெரியும்?” என்று கேட்பார். வந்தவருக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்தக் கட்டத்தில் அதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

காலவரம்புச் சட்டம், 1963-இன் 3-ஆம் பிரிவின்படி, கெடு தாண்டி வந்த எதையும் தள்ளுபடி செய்வது கோர்ட்டின் கடமை. எதிர்த் தரப்பு வாயே திறக்காவிட்டாலும் அப்படித்தான். அதற்கு விலக்குத் தருவது 5-ஆம் பிரிவு: போதிய காரணம் இருந்தது என்று கோர்ட் திருப்தியடைந்தால், தாமதமாக வந்த மேல்முறையீட்டையோ மனுவையோ ஏற்கலாம். ஏற்ற பிறகுதான் நிலம் யாருடையது என்ற பேச்சு வரும். ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பத்திரத்தின் பலத்தைப் பார்த்து அல்ல. தாமதம் உண்மையில் எப்படி ஆனது என்பதைப் பார்த்துத்தான். இதை மாற்றிப் பிடித்து, தவறான மனுவைப் போட்டு, அந்த மனுவாலேயே அடுத்த வழியையும் அடைத்துக்கொண்டவர்கள் நிறைய.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சிக்கல் அதிகம் அங்கேதான். பிரதிவாதி ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால் அவர் முன் இரண்டு பாதைகள். தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 13-இன் கீழ் அந்தத் தீர்ப்பாணையை ரத்துசெய்யக் கேட்கலாம். அல்லது 96-ஆம் பிரிவின் கீழ் மேல்கோர்ட்டில் அப்பீல் போடலாம். கெடுவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ரத்து மனுவுக்கு 30 நாள். அப்பீலுக்கு, சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போவதென்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள்.

வித்தியாசம் அந்த 30 நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. அப்பீலுக்குத் தீர்ப்பாணைத் தேதியிலிருந்து நாள் ஓடும், உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். ரத்து மனுவுக்கு அப்படியில்லை. சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படவில்லை (உங்களிடம் சேர்ப்பிக்கப்படவில்லை) என்றால், காலவரம்புச் சட்டத்தின் 123-ஆம் உறுப்பின்படி, தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் 30 நாள். அதே உறுப்பின் விளக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது: கதவில் ஒட்டியது, பேப்பரில் விளம்பரம் கொடுத்தது போன்ற மாற்றுச் சார்பு இந்தக் கணக்குக்கு முறையான சார்பு ஆகாது. ஊரை விட்டுப் போய் வேறு மாவட்டத்தில் பிழைப்பவருக்கு, பழைய விலாசத்தில் சம்மன் திரும்பி, பேப்பர் விளம்பரத்தோடு எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தால், அவருக்குத் தாமதமே இல்லாமல்கூட இருக்கலாம். நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் கைக்கு வந்த நாள்தான் தெரிந்த நாள் என்று காட்ட முடிந்தால், அன்றிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனு மட்டும் போதும். அப்படிப்பட்டவர்கூடப் பயத்தில் ஆயிரத்துச் சொச்சம் நாள் தாமதம் என்று தானே எழுதிக்கொடுத்து, இல்லாத சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வதுண்டு.

தீர்ப்பாணையை நிறைவேற்ற வாதிக்கு 12 ஆண்டு அவகாசம். அவர் பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டு இ.பி. (நிறைவேற்று மனு) போட்டால், அமீனா வாசலுக்கு வரும்போதுதான் எதிராளிக்கு விஷயமே தெரியவரும். நிலத் தாவாக்களில் தாமத நாள் கணக்கு நான்கு இலக்கத்துக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சம்மன் ஒழுங்காக வந்தது, வக்காலத்தும் போட்டாயிற்று, அப்புறம் இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை என்றால்? அப்போது தீர்ப்புத் தேதியிலிருந்தே கெடு. ரத்து மனுவோடு, தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் தாமத மனுவும் வேண்டும். இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஆஜராகாததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், கெடுவுக்குள் மனுப் போடாததற்கு இன்னொரு காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் இரண்டு வேறு காலகட்டம். 2019 ஜூனில் வாய்தாவுக்குப் போகாததற்கு உடம்பு சரியில்லை என்பது 2021 வரை மனுப் போடாததற்குப் பதில் ஆகாது. சம்மன் சார்பில் ஏதோ குறை என்று தொங்குவதும் வீண். விசாரணைத் தேதி தெரிந்து, வர நேரமும் இருந்தது என்றால், சார்பில் உள்ள சின்னக் குறைக்காகத் தீர்ப்பை ரத்துசெய்யக் கூடாது என்று விதி 13-இன் வரம்புரையே (விதியோடு சேர்ந்த நிபந்தனை வாசகமே) சொல்கிறது.

இனி, இரண்டில் எது கிடைத்தால் என்ன பலன்? ரத்து மனு ஜெயித்தால் வழக்கு பழைய இடத்துக்குத் திரும்பும். எதிருரை போடலாம், பத்திரத்தைச் சாட்சிய ஆவணமாகக் குறியீடு செய்யலாம், சாட்சி ஏற்றலாம். அப்பீலில் அந்த வசதி இல்லை. கீழ்க் கோர்ட்டின் ஆவணக் கட்டில் உங்கள் பத்திரமே இருக்காது. வாதி தந்த சாட்சியத்தை வைத்தே, இது போதாது என்று வாதாட வேண்டும். கூடுதல் சாட்சியத்துக்குக் கட்டளை 41 விதி 27 இருக்கிறது, ஆனால் கேட்டதும் கிடைப்பதில்லை. செலவிலும் வித்தியாசம் உண்டு: அப்பீலுக்குக் கீழ்க் கோர்ட் வழக்குக்கு உரிய அதே நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், ரத்து மனுவுக்குப் பெயரளவு ஸ்டாம்புதான். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், தன் பக்கத்துச் சாட்சியமே பதிவாகாதவருக்கு ரத்து மனுதான் சரி என்பேன். வாதியின் பத்திரத்தில் சர்வே எண்ணே பொருந்தவில்லை என்பதுபோல, அவர் சாட்சியத்திலேயே ஓட்டை வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டும் அப்பீலை யோசிக்கலாம்.

எதை முதலில் போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ரத்து மனுவைப் போட்டுத் தோற்ற பிறகு அப்பீல் போகலாம். அந்த அப்பீலில் என்னை எக்ஸ்பார்ட்டி ஆக்கியதே தவறு என்று மறுபடி கிளப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லிவிட்டது, மற்றபடி வழக்கின் தகுதியைப் பேசலாம். ரத்து மனுவில் போன காலத்தை, நல்லெண்ணத்தோடு நடத்தியிருந்தால், அப்பீல் தாமதத்துக்குப் போதிய காரணமாக ஏற்கலாம் என்று 2019-இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் வழிகாட்டியும் இருக்கிறது. திருப்பிச் செய்தால் கதை முடிந்தது. அப்பீல் போட்டு, அதை வாபஸ் வாங்காமல், அது எந்தக் காரணத்துக்காகவாவது முடிந்துபோனால், ரத்து மனு போட வழியில்லை. விதி 13-இன் விளக்கம் அப்படி. தாமதத்துக்காக மட்டும் அப்பீல் தள்ளுபடியானாலும் அதே கதிதான் என்பது 2004-இல் வந்த வேறொரு தீர்ப்பு.

தடையாணை கிடைக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாமத மனுவோடு வரும் அப்பீலில், தாமதம் மன்னிக்கப்பட்டு, அப்பீலை விசாரிக்கலாம் என்று கோர்ட் முடிவெடுக்கும்வரை நிறைவேற்றத்துக்குத் தடை கொடுக்கக் கூடாது. 1976 திருத்தத்தில் சேர்ந்த கட்டளை 41 விதி 3அ அதைச் சொல்கிறது. நிலத்தை ஒப்படைக்கும் டெலிவரிக்கு நாள் குறித்த பிறகு அப்பீலை எடுத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு இது பெரிய அடி. கோர்ட் முடிவெடுப்பதற்குள் நிலம் கைமாறிவிடலாம், மூன்றாம் ஆளுக்குக் கிரயமும் ஆகிவிடலாம். அப்படி வாங்கியவர் உள்ளே வந்துவிட்டால் தாமதத்தை மன்னிப்பது கோர்ட்டுக்கு இன்னும் கஷ்டம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு மனு எழுதுவது நல்லது.

இருதரப்பும் வாதாடித் தோற்றவருக்குத் தேர்வு அதிகமில்லை. அப்பீலும் தாமத மனுவும்தான். மறு ஆய்வு மனு என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் 30 நாள் கெடு, எல்லையோ மிகக் குறுகியது. நிலத் தாவாவில் தோற்றவருக்கு அது பெரும்பாலும் நேர விரயம். இவர் உடனே பார்க்க வேண்டியது நகல் மனு. கெடு முடிவதற்குள் தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பித்திருந்தால், நகல் தயாராக எடுத்த நாட்களைக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் கழித்துக்கொள்ளலாம். 40 நாள் தாமதம் என்று நினைத்தது கழித்துப் பார்த்தால் 9 நாளாகச் சுருங்கும். கோவிட் காலத்துக்கும் தனிக் கழிவு உண்டு: 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய தீர்ப்புகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இதை மறந்துவிடுகிறார்கள்.

தாசில்தார், கோட்டாட்சியர் என்று பட்டா மனுவோடு அலைந்த காலத்தைக் கழிக்க முடியுமா என்று கேட்டால், எளிதில் முடியாது. 14-ஆம் பிரிவு, அதிகாரம் இல்லாத கோர்ட்டில் அதே பிரச்சினைக்காக நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்தியவருக்குத்தான் கைகொடுக்கும். பட்டா மாறுதல் வருவாய்த்துறை விவகாரம். சிவில் கோர்ட் தீர்ப்பை அதனால் அசைக்கவும் முடியாது, அதன் கெடுவை நிறுத்திவைக்கவும் முடியாது.

மூன்றாவது வழி, புது வழக்கு. தாமத மனு தோற்றுவிட்டால் புதுசாக ஒரு தாவா போட்டுக்கொள்ளலாம் என்பது தவறான ஆறுதல். அசல் வழக்குகளுக்கு 5-ஆம் பிரிவு பொருந்தாது. ஒரு நாள் தாண்டினாலும் மன்னிப்பு இல்லை. அதோடு, தீர்ந்ததை மறுபடி வழக்காட முடியாது என்ற முன்தீர்ப்புத் தடையும் எதிரே நிற்கும். இரண்டு பேருக்குத்தான் இது உண்மையான வழி. ஒருவர், மோசடியால் தீர்ப்பு வாங்கப்பட்டது என்று காட்டக்கூடியவர். ஆள் மாறாட்டம் செய்து வக்காலத்துப் போட்டது, செத்துப்போனவரை உயிரோடு இருப்பதாகக் காட்டித் தீர்ப்பு வாங்கியது மாதிரி. மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. மற்றவர், தாவாவில் தரப்பாகவே இல்லாதவர். பாகப்பிரிவினை வழக்கில் சகோதரியைச் சேர்க்காமல் அண்ணன் தம்பிகள் மட்டும் தீர்ப்பு வாங்கிக்கொண்டால், அந்தத் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் தாமத மனு எழுதிக்கொண்டிருக்கவே வேண்டாம், தன் பங்கைக் கேட்டுத் தனி வழக்குப் போடலாம். ஆனால் கடைசி வாய்தாவுக்குப் போக மறந்ததை மோசடி என்று பெயர் மாற்றி எழுதுவது நிற்காது.

இனி தாமத மனுவின் உள்ளே என்ன எழுதுவது என்பதற்கு வருவோம். தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் மஞ்சள் காமாலைக்கு ஒரு தனி இடம் உண்டு. மனுதாரருக்கு மஞ்சள் காமாலை வரும், நாட்டு வைத்தியம் பார்ப்பார், அதனால் டாக்டர் சீட்டு இருக்காது, குணமானதும் நேராக வக்கீல் வீட்டுக்கு வருவார். அந்தப் பிரமாண வாக்குமூலத்தைப் படித்துச் சலித்த நீதிபதிகளிடம் உண்மையாகவே காமாலை வந்தவரும் மாட்டிக்கொள்கிறார்.

கெடு ஓடிய நாட்களில் ஏன் முடியவில்லை, கெடு முடிந்தபின் தாக்கல் செய்த நாள்வரை என்ன நடந்தது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். கூடவே ஒரு காகிதமாவது வேண்டும். 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு தமிழ்நாட்டு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். சொத்து உரிமை வழக்கு, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, 883 நாள் தாமதம். வக்கீல் கைவிட்டார் என்பது காரணம். எல்லோரும் சொல்கிற காரணம்தான். ஆனால் இந்த மனுதாரர் சும்மா சொல்லிவிட்டு நிற்கவில்லை. அந்த வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போய், 50,000 ரூபாய் இழப்பீட்டு உத்தரவும் வாங்கியிருந்தார். தாமதத்தின் நீளம் முக்கியமில்லை, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்று சொல்லி அவருக்கு வழிவிட்டார்கள். இந்த வரியைத் தாமத மனுக்கள் எல்லாவற்றிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மனுதாரர் கையில் இருந்த காகிதத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மறுபக்கம், 2013-இல் வந்த ஒரு நில எடுப்பு வழக்கில் நோய்தான் காரணம் என்றார்கள். ஐந்தரை ஆண்டுத் தாமதம், ஏற்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரருக்கு அதிக இழப்பீடு கிடைத்தது என்பதும் தாமதத்தை மன்னிக்கக் காரணமாகாது என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள்.

நிலம் எங்களுடையது என்ற பலமான வாதம் தாமத மனுவில் கொஞ்சமும் உதவாதா? இதில் உச்ச நீதிமன்றத்தின் குரலே இரண்டாகக் கேட்கிறது. 1987-இல் அனந்த்நாக் நில எடுப்பு வழக்கு. கனால் (காஷ்மீர் பக்கத்து நில அளவு) ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்றிருந்த இழப்பீடு 8,000 ஆக உயர்ந்து, அரசுக்கு ஏறத்தாழ 14 லட்சம் சுமை. அப்பீல் 4 நாள் தாமதம். ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் என்பதை வறட்டுத்தனமாகப் பிடிக்கக் கூடாது, தொழில்நுட்பக் காரணத்தைவிடத் தகுதியின்மேல் நீதி வழங்குவதே மேல் என்று அப்பீலைக் கேட்கச் சொன்னது. இன்றும் தாராள மனப்போக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அது 4 நாள் வழக்கு என்பது எப்படியோ மறைந்துபோகிறது.

அண்மைக் காலக் காற்று எதிர்த்திசையில். 2024-இல் புனே நிலக் குத்தகை வழக்கு ஒன்றில் 12 ஆண்டுக்கு மேற்பட்ட தாமதம். வழக்கின் தகுதியிலிருந்து தொடங்கக் கூடாது, விளக்கம் நேர்மையானதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு 5,659 நாள் தாமதமான நில எடுப்பு அப்பீலுக்கும் மறுப்பு. மத்தியப் பிரதேச அரசின் 1,788 நாள் தாமதமும் நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் 3,966 நாள் தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்திருந்ததை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. ஆனால் அதே 2025 மார்ச்சில், நிலம் அரசுடையதா தனியாருடையதா என்ற கேள்வி இருந்த வழக்கில், மத்தியப் பிரதேச அரசின் 1,537 நாள் தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்ததை 50,000 ரூபாய் செலவுத்தொகையோடு ஏற்றுக்கொண்டது. தகுதி பேசப்பட வேண்டும் என்பதே அங்கே காரணம்.

இவற்றை ஒன்றோடொன்று முழுசாகப் பொருத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொது நிலம் என்பது அந்த மார்ச் வழக்கில் எடை கூட்டியது. தனியாருக்கும் தனியாருக்கும் நடக்கிற வரப்புத் தகராறில் அந்த எடை கிடைக்காது. எனவே மனு எழுதுகிறவர், பத்திரத்தை யாரும் படிக்கப் போவதில்லை என்ற எண்ணத்தோடு எழுத வேண்டும். தகுதியைப் பற்றி ஒரு பத்தி போதும். கொள்கையளவில் இது சரியான வரிசை என்றே நினைக்கிறேன். தகுதியைப் பார்த்துவிட்டுத் தாமதத்தை மன்னித்தால், பிரதான வழக்கையே எதிர்த் தரப்பு முழுசாகப் பேசாமல் பாதி தீர்த்ததாகிவிடும்.

நான்காவது வழியும் உண்டு: மேலே போகாமல் பேசித் தீர்ப்பது. தாமதக் கதை பலவீனம், ஆனால் நிலம் உங்கள் அனுபவத்தில் (சுவாதீனத்தில்) இருக்கிறது என்றால் இதற்குக் கொஞ்சம் பேரம் பேசும் பலம் இருக்கிறது. லோக் அதாலத்தில் சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். எதுவுமே செய்யாமல் இருப்பது மட்டும் கூடாது. சுவாதீன வழக்குக்குரிய காலம் முடிந்தால் சொத்தின் மீதான உரிமையே அற்றுப்போகும் என்று காலவரம்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது.

கடைசியாக, தீர்ப்பை ஜெயித்து வைத்திருப்பவருக்கு. உங்கள்மேல் தாமத மனு வந்தால் எதிர்ப்பதா, விட்டுக்கொடுப்பதா? கை அனிச்சையாக எதிருரைக்குத்தான் போகும். தாமதம் ஆயிரக்கணக்கான நாள், காரணம் வெறும் வார்த்தை என்றால் எதிர்த்தே ஆக வேண்டும். அண்மைத் தீர்ப்புகள் உங்கள் பக்கம். ஆனால் 60, 90 நாள் தாமதம் என்றால் நின்று கணக்குப் போடுங்கள். மனுவில் எதிருரை, விசாரணை, உத்தரவு, அதன்மேல் தோற்றவர் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ சீராய்வு மனு. அப்பீலை விசாரித்து முடித்திருக்கக்கூடிய காலம் தாமத மனுவிலேயே போய்விடும். அதற்குப் பதில், செலவுத்தொகையும் நிபந்தனைகளும் வைத்து ஆட்சேபணை இல்லை என்று சொல்லலாம்: அப்பீல் முடியும்வரை நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அப்பீலை இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், செலவுத்தொகையைக் குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் மனு தானாகத் தள்ளுபடி. உத்தரவு பிடிக்காமல் மேலே போகிற எண்ணம் இருந்தால் அந்தச் செலவுத்தொகையைக் கையால் தொடாதீர்கள். வாங்கிக்கொண்டவர் அதே உத்தரவை எதிர்த்து வந்தால், பணத்தை வாங்கினீர்களே என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.